ஒதுக்கி விடுங்க

சலூன்காரர் இருபத்தேழு வருஷமாகச் செய்த வேலையில் ஒன்றுகூட இன்று உலகத்தில் இல்லை. எல்லாம் வளர்ந்துவிட்டது.

காலையில் ஷட்டரைத் தூக்கினால் சாயங்காலம் இறக்குவதற்குள் பன்னிரண்டு தலை, கூட்டமான நாளில் இருபது. கடைசித் தலையும் எழுந்து போன பிறகு தரையைக் கூட்டி மூலையில் சேர்ப்பார். கறுப்பு ஆட்டுக்குட்டி ஒன்று சுருண்டு படுத்திருப்பது போல இருக்கும். அதையும் சாக்கில் அள்ளிப் போட்டுவிட்டால் அன்றைய பாடு சுத்தம். மூன்று வாரம் கழித்து அதே தலைகள், ஒன்றுமே நடக்காத மாதிரி, திரும்பி வந்து நாற்காலியில் உட்காரும்.

இதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, கொத்தனார் விரலை நீட்டும் வரை.

கொத்தனார் பழைய வாடிக்கை. அன்று முகச்சவரம் முடிந்ததும், "மீசையக் கொஞ்சம் ஒதுக்கி விடுங்க" என்றார். கத்தரிக்கோல் உதட்டுக்கு மேல் நறுக் நறுக்கென்று ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடிக் கதவு வழியாக எதிர்க் கட்டடத்தைக் காட்டினார். உதட்டை அசைக்காமல், "அந்த மூணாவது மாடி நான் கட்டினது" என்றார்.

பதிலுக்கு எதையாவது காட்ட வேண்டும் போலிருந்தது சலூன்காரருக்கு. தெருவைப் பார்த்தார். அவர் வெட்டிய தலை ஒன்று சைக்கிளில் போய்க்கொண்டிருந்தது. விரலை நீட்டுவதற்குள் முனை திரும்பிவிட்டது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வேலை. ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்.

"ஒரு மாசத்துக்கு மேல நிக்கிற மாதிரி ஒண்ணு. அப்படி ஒண்ணுகூட நான் செஞ்சதில்ல."

"ஏன், நம்ம பொண்ணு இல்லையா?"

"அவளும் வளந்துட்டா."

மனைவி சிரித்தார். ஆனால் காதில் போட்டுக்கொண்டார் என்பது நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. கைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். ஆஸ்பத்திரியில் புதிதாகக் கட்டிய காத்திருப்புக் கூடத்தின் பெரிய சுவரில் நெய்த சித்திரம் ஒன்றை மாட்டப் போகிறார்கள். நூலகத்து மாடியில் வாரம் ஒரு நாள், பத்து வாரம், ஒன்றும் தெரியாதவர்களுக்கு நெசவு சொல்லித் தருவார்கள். பத்தாவது வாரத்துக்குள் ஆளுக்கு ஒரு சாண் சதுரத்தில் படம் ஒன்றை நெய்து முடிக்க வேண்டும். முடித்தவர்களில் நாலு பேருக்குப் பெரிய தறியில் இடம்.

சலூன்காரர் இரண்டு முறை படித்தார். "எனக்கும் தறிக்கும் என்ன சம்பந்தம்?"

"சீப்பும் கத்தரிக்கோலும் கொண்டு வரணுமாம். கீழ எழுதியிருக்கு பாருங்க. உங்களுக்காகவே எழுதின மாதிரி இல்ல?"

வகுப்பு நாளும் கடை விடுமுறை நாளும் ஒன்றாக அமைந்தன. தட்டிக்கழிக்க அவரிடம் வேறு சாக்கு இல்லை.

நூலகத்து மாடி நீளமான அறை. ஜன்னல் பக்கம் ஆறு மேஜைகள், மேஜைக்கு ஒரு மரச்சட்டம். அறையின் கடைசியில், கதவில்லாத வாசல் மாதிரி, மேலும் கீழும் உருளைக் கட்டையோடு பெரிய தறி நின்றது. சொல்லித்தருகிற டீச்சருக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஒட்ட வெட்டிய தலை. இடது காதுக்கு மேல் மட்டும் கால் அங்குலம் இறங்கியிருந்தது. தானே கண்ணாடி பார்த்து வெட்டிக்கொண்டது என்பதைச் சலூன்காரர் வாசலிலேயே கண்டுபிடித்துவிட்டார். வாயைத் திறக்கவில்லை. சேர்ந்த முதல் நாளே டீச்சர் தலையில் கை வைக்கக் கூடாது.

"நெட்டுக்க நிக்கிறது பாவு. குறுக்க போறது ஊடு" என்றார் டீச்சர். "சாதாரணத் துணியில ரெண்டும் தெரியும். இதுல பாவு கண்ணுலயே படக் கூடாது. கம்பளி நூல் அதை முழுசா மூடிடணும். படம் மொத்தமும் ஊடுநூல்லதான்."

"கண்ணுல படலைன்னா அது எதுக்கு?" என்று கேட்டார் பக்கத்து மேஜைக்காரர். அவர் மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மாள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படிப்பவர். எதையும் கேட்காமல் விடமாட்டார்.

"உங்க எலும்பு வெளிய தெரியுதா?"

"எனக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும்" என்று மருந்துக்கடை அம்மாள் சலூன்காரரைக் காட்டினார். சலூன்காரர் ஒல்லி. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

என்ன படம் நெய்யலாம் என்று பேச்சு வந்தபோது மருந்துக்கடை அம்மாள் மீன் என்றார். ஒவ்வொரு செதிலும் ஒவ்வொரு நிறத்தில் வேண்டுமாம். சலூன்காரர் வெகுநேரம் யோசித்துவிட்டு, தாளில் ஒரு காது வரைந்தார். அவர் இத்தனை வருஷம் கிட்டத்தில் நின்று பார்த்த பொருள் அதுதான். அதன் மடிப்பு, குழி, மடல் ஒட்டுகிற இடம் எல்லாம் கண்ணை மூடினாலும் தெரியும்.

"கேள்விக்குறி நல்லா வந்திருக்கு" என்றார் மருந்துக்கடை அம்மாள்.

முதல் மூன்று வாரம் நூல் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கையில் எது கிடைத்தாலும் விறைப்பாகப் பிடித்துப் பழகியவர். ஊடுநூலையும் அப்படியே இழுத்தார். இரண்டு பக்கமும் உள்ளே ஒடுங்கி, நெய்த துண்டுக்கு இடுப்பு விழுந்துவிட்டது. "இழுக்காதீங்க, மலை மாதிரி வளைச்சுப் போடுங்க. அப்புறம் சீப்பால தட்டி இறக்குங்க" என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருந்தார். நெய்ததைப் பிரித்தார், மறுபடி நெய்தார், மறுபடி பிரித்தார். நாலாவது வாரம் நூல் தானாக வளைந்து உட்கார்ந்தது. சீப்பின் பல் அதைக் கீழே இறக்கியபோது வந்த மெத்தென்ற சத்தத்தை அவர் தனியாக ரசித்தார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கையை மலை மாதிரி வளைத்துக்கொண்டே நடந்தார்.

ஒரு விஷயம் மட்டும் மற்றவர்களைவிட அவருக்குச் சுலபமாக வந்தது. இந்த நெசவைப் பின்பக்கமிருந்து நெய்ய வேண்டும். நெய்கிறவர் கண்ணுக்குப் படுவது முதுகு, படம் அந்தப் பக்கம், அதுவும் இடம் வலமாக. மருந்துக்கடை அம்மாளின் மீன் எந்தப் பக்கம் நீந்துகிறது என்று அவருக்கே கடைசிவரை நிச்சயமில்லை. சலூன்காரரோ காலமெல்லாம் ஆட்களுக்குப் பின்னால் நின்று, அவர்களுடைய முகத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பேசியவர். இடம் வலம் மாறாமல் இருந்தால்தான் அவருக்குக் குழப்பம்.

நிறம் மாறுகிற இடத்திலெல்லாம் நூலை நறுக்கி, நுனியைப் பின்பக்கம் தொங்கவிட வேண்டும். "நுனியெல்லாம் பின்னாடி இருக்கட்டும், கடைசியில பாத்துக்கலாம்" என்று டீச்சர் சொல்லியிருந்தார். சலூன்காரர் தலையாட்டினார். அவருடைய தொழிலிலும் அப்படித்தான். பிடரி கடைசியில்தான்.

எட்டாவது வாரம் காது முக்கால்வாசி வந்துவிட்டது. மடல் ஒன்றுதான் பாக்கி. ஆறு பேரில் இரண்டு பேர் ஏற்கனவே நின்றுவிட்டார்கள். மிச்சம் நாலு பேர், பெரிய தறியில் நாலு இடம். முடித்தால் போதும், இடம் கையில். சலூன்காரர் அந்த வாரம் கடையில் இரண்டு பேருக்குச் சீட்டியடித்துக்கொண்டே முடி வெட்டினார்.

அன்று டீச்சர் ஏதோ விளக்கு விஷயமாகக் கீழே நூலகரைப் பார்க்கப் போயிருந்தார். மருந்துக்கடை அம்மாளுக்குப் போன் வந்தது.

"இந்த நூலெல்லாம் கண்ணுல வந்து குத்துது. கொஞ்சம் ஒதுக்கி விடுங்க, பேசிட்டு வந்துடறேன்" என்று சட்டத்தைச் சலூன்காரர் பக்கம் நகர்த்திவிட்டு வராந்தாவுக்குப் போனார்.

ஒதுக்கி விடுங்க. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிற சொல். மீசையை ஒதுக்கி விடுங்க, கிருதாவை ஒதுக்கி விடுங்க, காதோரம் ஒதுக்கி விடுங்க. கையில் சீப்பும் கத்தரிக்கோலும் வேறு இருந்தன. மீனின் முதுகில் தொங்கிய நூல்களைச் சீப்பால் வாரினார். சீப்பின் மேல் தூக்கிப் பிடித்தார். நறுக். மஞ்சள், நீலம், சிவப்பு என்று கொத்துக் கொத்தாக விழுந்தன. எட்டு வாரத்தில் இந்த அறையில் முதல் தடவையாக அவர் கை யோசிக்காமல் ஓடியது. மீனை முடித்ததும் தன் காதைப் பார்த்தார். பக்கத்து வீட்டுத் தலை ஒழுங்காக இருந்து சொந்தப் பிள்ளை பரட்டையாக நிற்பது போலிருந்தது. அதையும் ஒட்ட வெட்டினார்.

போன் பேசிவிட்டு வந்த அம்மாள் சட்டத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"நூலெல்லாம் எங்க?"

"ஒதுக்கிட்டேங்க."

"எங்க ஒதுக்கினீங்க?"

"கீழதான்."

"ஒதுக்குன்னா ஓரமாத் தள்ளறதுய்யா."

"எங்க கடையில இதுதாங்க ஒதுக்கறது."

சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை மேஜையில் வைத்தார். டீச்சர் மேலே வந்துவிட்டிருந்தார். மீனைத் திருப்பி அதன் முன்பக்கத்தை உள்ளங்கையால் மெல்லத் தடவினார். தடவத் தடவ, வெட்டுப்பட்ட நூல்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன, தூங்கி எழுந்த தலையில் முடி நட்டுக்கொண்டு நிற்பது போல. மீனின் கண் அவர் விரலோடு கழன்று வந்துவிட்டது.

"அந்த நுனிதான் உள்ள இருக்கறதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. எல்லாம் முடிஞ்ச பிறகும் ரெண்டு விரக்கடை விட்டுத்தான் வெட்டணும்." டீச்சர் குரலை உயர்த்தவில்லை. கண்ணைத் திரும்ப அதன் குழியில் வைத்து அழுத்தினார். "இது வளராதுங்க."

எத்தனையோ தலையில் கை தவறியிருக்கிறது. "ஒரு வாரத்துல வளந்துடும்" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். அந்த ஒரு வார்த்தையைத்தான் இங்கே சொல்ல முடியாமல் போயிற்று. வளராத வேலை ஒன்று வேண்டும் என்று கேட்டு வந்தவர், கேட்டது கிடைத்து நின்றுகொண்டிருந்தார்.

சரிசெய்ய வழி இருந்தது. வெட்டுப்பட்ட ஒவ்வொரு நூலுக்கும் அதே நிறத்தில் புது நூல் கோத்து, ஊசியால் பாவை ஒட்டியே உள்ளே விட்டு, பழைய நுனியை இழுத்துப் பின்னால் நிறுத்த வேண்டும். மீனில் நாற்பத்து மூன்று இடம். காதில் இருபத்தாறு.

வீட்டில் மனைவி முதலில் சிரித்தார். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டே வாரந்தானே இருக்கு. எதை முதல்ல எடுக்கப் போறீங்க?" என்றார்.

"மீனைத்தான்."

"அப்ப காது?"

அவர் ஊசியில் நூல் கோத்துப் பார்த்தார். ஏழாவது தடவை நுழைந்தது.

டீச்சரிடம் கேட்டு இரண்டு சட்டங்களையும் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். தலைக்கும் தலைக்கும் நடுவில் மீனை எடுப்பார். மடியில் வைத்துக் குத்தினால், முன்பக்கம் சரியாக வந்ததா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினால் புதிதாகக் கோத்த நூல் நழுவியது. இரண்டாம் நாள் மத்தியானம் அலுத்துப்போய்ச் சட்டத்தைத் தூக்கி வாடிக்கையாளர் நாற்காலியில், கண்ணாடியைப் பார்த்த மாதிரி, நிமிர்த்தி வைத்தார். பெடலை மிதித்து நாற்காலியை உயர்த்தினார். பின்னால் நின்று ஊசியைக் குத்திவிட்டு நிமிர்ந்தால், எதிர்க் கண்ணாடியில் மீனின் முகம் தெரிந்தது.

அதற்கப்புறம் அவருக்கு ஒன்றும் புதிதாக இல்லை. குத்துவது பின்னால், பார்ப்பது முன்னால். இருபத்தேழு வருஷமாக வேறென்ன செய்தார்?

வழுக்கை விழுந்த வாடிக்கையாளர் ஒருவர் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார். "என்னங்க, மீனுக்கெல்லாம் வெட்ட ஆரம்பிச்சுட்டீங்களா?"

"வெட்டினதை ஒட்ட வச்சுக்கிட்டு இருக்கேன்."

"அது முடியுமா?" அவர் எழுந்தே வந்துவிட்டார். "அப்படின்னா எனக்கும் முன்னாடி கொஞ்சம் ஒட்ட வச்சு விடுங்க."

ஒன்பதாவது வாரம் மீனை மேஜையில் நிமிர்த்தி வைத்தார். மருந்துக்கடை அம்மாள் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு செதிலாகத் தடவினார். ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. சலூன்காரர் பையிலிருந்து கைக்கண்ணாடியை எடுத்து, வழக்கம் போல, மீனுக்குப் பின்னால் சாய்த்துப் பிடித்தார்.

"பின்பக்கம் பாத்துக்கங்க."

அம்மாள் எட்டிக் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். நாற்பத்து மூன்று நூல்களும் ஒரு விரல் நீளத்துக்குத் தொங்கின.

"கொஞ்சம் நீளமா விட்டிருக்கீங்க."

"இனிமே அப்படித்தாங்க."

"பொழைச்சுப் போங்க" என்று சொல்லிவிட்டு அம்மாள் பிளாஸ்க்கில் கொண்டுவந்திருந்த டீயில் பாதியை அவருக்கு ஊற்றிக் கொடுத்தார்.

பத்தாவது வாரம் வந்தது. காதில் பதினோரு இடம்தான் அடைபட்டிருந்தது. மடல் போடவே இல்லை. டீச்சர் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்த இடமெல்லாம் வெளிச்சம் ஓட்டை வழியாக வந்தது.

"முடியலையே."

"முடி வெட்டத் தெரிஞ்ச அளவுக்கு முடிக்கத் தெரியல டீச்சர்."

டீச்சர் சிரிக்கவில்லை. மூன்று பேருக்கு இடம் என்றார். நாலாவது இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சலூன்காரர் தன் சீப்பைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். படியிறங்கப் போனவரை டீச்சர் நிறுத்தினார்.

"மீனை எப்படிங்க இவ்வளவு சுத்தமாப் பண்ணினீங்க? முன்பக்கம் ஒரு குத்துகூடத் தெரியல."

சொன்னார். நாற்காலி, கண்ணாடி, பின்னால் நின்று குத்தியது.

டீச்சர் பெரிய தறியைப் பார்த்தார். "இதுக்கும் முன்னாடி அப்படி ஒரு கண்ணாடி வேணும். பாவு இடுக்கு வழியா அதுல பாத்துத்தான் நெய்யணும். கேட்டு மூணு கடிதம் போட்டுட்டேன். இன்னும் வரல."

"எங்கிட்ட மூணாவது நாற்காலிக்கு எதிர்ல ஒண்ணு சும்மா இருக்கு" என்றார் சலூன்காரர். அவ்வளவுதான். அதற்குப் பதிலாக எதையும் அவர் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

அடுத்த விடுமுறை நாளில் மச்சானின் வேனில் போட்டு, பழைய போர்வையில் சுற்றிக் கண்ணாடியைக் கொண்டுவந்தார். தறிக்கு எதிரே நிறுத்தித் திருகாணி முடுக்கும்போது டீச்சர் அதில் தன்னைப் பார்த்துவிட்டுத் தலையைச் சாய்த்தார்.

"எனக்கு இடது பக்கம் இறங்கியிருக்கா?"

"கால் அங்குலம்."

"எப்ப இருந்து?"

"நான் சேந்த நாள்ல இருந்தே."

"சொல்லியிருக்கலாமில்ல?"

சலூன்காரர் திருகாணியைக் கூடுதலாக இரண்டு சுற்று முடுக்கினார்.

மூன்று பேரும் தறிக்குப் பின்னால் பலகையில் உட்கார்ந்து, பாவு இடுக்கு வழியாகக் கண்ணாடியைப் பார்த்தார்கள். பார்த்ததும் கைகள் திக்குத் தெரியாமல் நின்றன. மருந்துக்கடை அம்மாள் வலது பக்கம் போக வேண்டிய நூலை இடது பக்கம் கொண்டுபோனார். பிரித்துவிட்டு மறுபடியும் அதே பக்கம்.

திருகுளியைப் பையில் போட்டுக்கொண்டிருந்த சலூன்காரருக்குப் பொறுக்கவில்லை. "கண்ணாடியில கையத் தேடாதீங்க. படத்த மட்டும் பாருங்க. கை அதுபாட்டுக்கு இங்க இருக்கும்." குனிந்து அம்மாளின் மணிக்கட்டைத் தொடாமல், பக்கத்தில் தன் கையை ஓட்டிக் காட்டினார். அடுத்தவருக்குக் காட்டினார். அதற்கடுத்தவருக்கும். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மச்சான் கீழே ஹார்ன் அடித்த பிறகுதான் நினைவு வந்தது.

"அப்ப நான் வரேன் டீச்சர்."

"இருங்க. உங்கள ஓரமா ஒதுக்கியிருக்கேன்" என்றார் டீச்சர்.

சலூன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "சரிங்க. என் தப்புதானே."

"அட, அந்த ஒதுக்கறது இல்லய்யா" என்று மருந்துக்கடை அம்மாள் பலகையில் நகர்ந்து இடம் விட்டார். "ஓரத்துல இடம் ஒதுக்கியிருக்காங்க. உக்காருங்க."

இடது ஓரம், இரண்டு சாண் அகலம். பெரிய சித்திரத்தில் அந்த இடத்தில் ஆறு கரையைத் தொடுகிறது. சாம்பல் நிறத்தில் ஆறு விதம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. மீனும் பறவையும் மற்றவர்களுக்கு. அவருக்குத் தண்ணீர் மட்டும். டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார், கத்தரிக்கோல் தன் மேஜையில்தான் இருக்கும். நூல் நறுக்க வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஏழு மாதம் அவர் கேட்டு வாங்கினார், கொடுத்தார்.

சித்திரத்தை ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டிய அன்று கூட்டம் அதிகம். சலூன்காரர் பின்னால் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டார். மூன்று வாரம் பொறுத்தார். இருபத்தோராம் நாள் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு, மனைவியின் டீ இடைவேளைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தார்.

காத்திருப்பவர்கள் சிலர் சித்திரத்தின் கீழே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு முடி வெட்ட நாளாகிவிட்டது. ஆறு மட்டும் போன மாதம் விட்ட இடத்திலேயே இருந்தது. ஒரு இழை கூடவில்லை. அவர் ஓரமாகப் போய் நின்று, தன் இரண்டு சாண் அகலத்தையும் மேலிருந்து கீழே பார்த்தார். ஒரு இடத்தில் லேசாக இடுப்பு விழுந்திருந்தது. அது அவருக்குத்தான் தெரியும்.

மனைவி பக்கத்தில் வந்து நின்று, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஓரத்தைச் சற்றுத் தூக்கிப் பின்னால் எட்டிப் பார்த்தார். சாம்பல் நூல்கள் இரண்டு விரக்கடை நீளத்தில் பரட்டையாகத் தொங்கின. ஒன்றிரண்டு விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"இதையாவது கொஞ்சம் ஒதுக்கி விடக் கூடாதா?"

சலூன்காரர் அந்த நூல்களை ஒரு விரலால் உள்பக்கமாகத் தள்ளி ஒதுக்கிவிட்டு, ஓரத்தைச் சுவரோடு சேர்த்து விட்டார்.